கோத்தகிரிக்கு வருவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நீலகிரிக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் உதகமண்டலத்தையும் குன்னூரையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அவற்றுக்குக் கிழக்கே, கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரத்தில், தேயிலைத் தோட்டங்களுக்கும் சோலைக்காடுகளுக்கும் நடுவே இருக்கிற சிறிய ஊர் கோத்தகிரி. நண்பர்களும் உறவினர்களும் அவர்கள் வழியாக அறிமுகமானவர்களும் இந்த ஊரைப்பற்றி என்னிடம் ஆண்டுதோறும் கேட்டுவரும் கேள்விகளையும் அவற்றுக்கு நான் சொல்லிவரும் பதில்களையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

உதகை இருக்கும்போது கோத்தகிரிக்கு ஏன் வரவேண்டும்?

படகுச் சவாரி, பெரிய தாவரவியல் பூங்கா, மலை ரயில், கடைத்தெரு ஆகியவற்றைத் தேடி வருகிறவர்களுக்கு உதகைதான் ஏற்ற ஊர். அவர்கள் கோத்தகிரிக்கு வந்தால் அரை நாளில் சலித்துப்போவார்கள். நடப்பதில் விருப்பம் உள்ளவர்களுக்கும், பறவை பார்ப்பவர்களுக்கும், மலையில் வாழும் மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பதை அருகிலிருந்து தெரிந்துகொள்ள நினைப்பவர்களுக்கும் கோத்தகிரி பொருத்தமானது. பேருந்து நிலையத்திலிருந்து எந்தத் திசையில் நடந்தாலும் அரை மணி நேரத்தில் தேயிலைச் சரிவிலோ மலையில் விவசாயம் செய்து வாழும் படுகர்களின் ஊர் ஒன்றிலோ காட்டின் விளிம்பிலோ நிற்கலாம். இந்த நெருக்கத்தைத்தான் நான் இந்த ஊரின் செல்வமாகக் கருதுகிறேன்.

ஊரின் பெயர் எப்படி வந்தது?

கோத்தர் என்ற பழங்குடியினரின் பெயரால் வந்தது. கோத்தர்களின் தெரு என்று பொருள்படும் 'கோத்தர் கேரி' என்பதே மருவிக் கோத்தகிரி ஆயிற்று என்று சொல்வார்கள். 'கிரி' என்பதை மலை என்று எடுத்துக்கொண்டு விளக்கம் சொல்பவர்களும் உண்டு. ஆனால் கோத்தர்களின் குடியிருப்பு இன்றும் ஊரை ஒட்டியே இருப்பதைப் பார்க்கும்போது முதல் விளக்கமே எனக்குச் சரியாகப் படுகிறது. நீலகிரி முழுவதிலும் கோத்தர்களுக்கு ஏழு ஊர்களே உள்ளன. அவற்றுள் ஒன்று இது. இரும்பு வேலை, மரவேலை, மண்பாண்டம், இசை ஆகிய நான்கிலும் தேர்ந்தவர்கள் என்பதால், தோடர்களும் படுகர்களும் கத்தி, அரிவாள், பானை முதலியவற்றுக்கு நெடுங்காலம் இவர்களையே நம்பியிருந்தார்கள். அதற்கு ஈடாகத் தோடர்களிடமிருந்து நெய்யும் எருமையும், படுகர்களிடமிருந்து தானியமும் வந்தன. இந்தக் கொடுக்கல்வாங்கல் முறை கடந்த நூற்றாண்டில் மெல்ல மெல்லக் கரைந்துபோனது.

எப்படி வந்து சேர்வது?

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி 33 கிலோமீட்டர். கோயம்புத்தூரிலிருந்தும் மேட்டுப்பாளையத்திலிருந்தும் அரசுப் பேருந்துகள் வருகின்றன. மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறக்குறைய ஒன்றரை மணி நேரப் பயணம். மலை ரயில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக உதகைக்குப் போகிறதே தவிர, கோத்தகிரிக்கு வருவதில்லை. ரயிலில் வரவேண்டும் என்று குழந்தைகள் அடம்பிடித்தால் குன்னூரில் இறங்கி அங்கிருந்து பேருந்து பிடிக்கலாம்.

பேருந்தில் வருவதையே நான் எல்லோருக்கும் சொல்வேன். ஓட்டுநர்கள் இந்த வளைவுகளை அன்றாடம் ஏறி இறங்குகிறவர்கள். சன்னலோரம் உட்கார்ந்தால் வெப்பக் காற்று படிப்படியாகக் குளிர்வதைக் கன்னத்திலேயே உணரலாம். சமவெளியின் முட்புதர்க்காடு முடிந்து, பாக்கும் பலாவும் வந்து, குஞ்சப்பனையைத் தாண்டிச் சில்வர் ஓக் மரங்களும் தேயிலையும் தொடங்கும்.

குஞ்சப்பனை பற்றி ஒரு வார்த்தை. அங்கே சாலையோரத்தில் பலா மரங்கள் மிகுதி. பழம் பழுக்கும் கோடை மாதங்களில் அந்த மணத்துக்கு யானைகள் கூட்டமாக வந்து சாலையைக் கடக்கும். சொந்த வண்டியில் வருகிறவர்கள் இருட்டிய பிறகு அந்த வழியில் வராமல் இருப்பதே நல்லது. யானை நின்றால் வண்டியை தூரத்திலேயே நிறுத்திவிட்டு அது போகும்வரை காத்திருக்க வேண்டும். ஒலிப்பான் அடிப்பதும், கைப்பேசியை எடுத்துக்கொண்டு இறங்குவதும் கூடாது. கோடைக் கூட்டத்தின்போது மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் வண்டிகளைக் குன்னூர் வழியாகவும் இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரி வழியாகவும் ஒருவழிப் பாதையாகத் திருப்பிவிடுவது வழக்கம் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இ-பாஸ் கட்டாயமா?

ஆம். சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகளில் வருகிறவர்களுக்கு இ-பாஸ் நடைமுறைக்கு வந்தது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான கோடைக்காலத்தில் நீலகிரிக்குள் வார நாட்களில் 6,000 சுற்றுலா வண்டிகள், வார இறுதி நாட்களில் 8,000 வண்டிகள் என்று வரம்பும் வைக்கப்பட்டது. அரசுப் பேருந்தில் வருகிறவர்களுக்கு இந்தக் கவலை கிடையாது. விதிகள் அவ்வப்போது மாறுவதால், புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே மாவட்ட நிர்வாகத்தின் அறிவிப்பைப் பார்த்துவிட்டுத் திட்டமிடுங்கள்.

இதைத் தொல்லையாக நினைப்பவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான். மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மருத்துவமனைக்குப் போகவேண்டிய ஓர் உள்ளூர்க்காரர் வண்டி வரிசையில் இரண்டு மணி நேரம் சிக்கிக்கொள்வதைப் பார்த்திருந்தால், வரம்பு ஏன் தேவை என்று தனியாக விளக்க வேண்டியிருக்காது.

எந்த மாதத்தில் வருவது நல்லது?

தொட்டபெட்டா மலைத்தொடர் மேற்கே சுவர்போல நிற்பதால், உதகையையும் கூடலூரையும் நனைக்கும் தென்மேற்குப் பருவமழை கோத்தகிரிக்கு வரும்போது பெரும்பாலும் சாரலாகக் குறைந்துவிடும். இங்கே கனமழை வடகிழக்குப் பருவமழையில், அதாவது அக்டோபர், நவம்பர் மாதங்களில் பெய்கிறது. ஆகவே, மலையில் எங்கும் மழை என்று பலரும் ஒதுக்கிவைக்கும் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்கள் கோத்தகிரியைப் பொறுத்தவரை நடப்பதற்கு இதமானவை. மூடுபனி வந்துபோகும், தேயிலை பச்சைப்பசேல் என்றிருக்கும், கூட்டமும் இராது. டிசம்பர் பிற்பாதியிலிருந்து பிப்ரவரி வரை வானம் தெளிவாகவும் இரவு கடுங்குளிராகவும் இருக்கும். தாழ்வான பகுதிகளில் உறைபனி விழுந்து தேயிலை கருகுவதும் உண்டு.

நவம்பரில் வர வேண்டாம் என்று நான் உறுதியாகச் சொல்வேன். 2009 நவம்பரில் குன்னூர், கோத்தகிரி, உதகைப் பகுதிகளில் பெய்த பெருமழையில் நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்து, 40-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். மலைச்சாலையில் ஓர் இடத்தில் மண் விழுந்தாலே ஊர் துண்டிக்கப்பட்டுவிடும்.

எத்தனை நாள் தேவைப்படும்?

மூன்று இரவுகள். ஒரே நாளில் வந்து திரும்புகிறவர்கள் சாலையைத்தான் பார்க்கிறார்கள்.

லாங்வுட் சோலையில் அப்படி என்ன இருக்கிறது?

கோத்தகிரியிலிருந்து ஏறக்குறைய மூன்று கிலோமீட்டரில் 116 ஹெக்டேர் பரப்பில் மிஞ்சியிருக்கும் சோலைக்காடு அது. உயர்மலைப் பள்ளத்தாக்குகளின் மடியில், ஓடையை ஒட்டி வளரும் குட்டையான பசுமைமாறாக் காட்டையே சோலை என்கிறோம். ஒருகாலத்தில் நீலகிரியின் மேட்டுநிலம் முழுவதும் புல்வெளியும் அதன் மடிப்புகளில் சோலையுமாக இருந்தது. புல்வெளிகள் பெரும்பாலும் தேயிலையாகவும், தைல மரமாகவும், சீகை மரமாகவும் மாறிவிட்டன. சோலைகள் துண்டு துண்டாக எஞ்சியிருக்கின்றன.

வெளியே தேயிலைச் சரிவில் வெயில் சுள்ளென்று அடிக்கும். காட்டின் விளிம்பைத் தாண்டிப் பத்தடி உள்ளே வைத்தால், கிணற்றுக்குள் இறங்கியதுபோலக் குளிர்ச்சி உடம்பில் படும். மரங்களின் தண்டு தெரியாதபடி பாசி மூடியிருக்கும். அந்தப் பாசியின்மேல் சிறு சிறு பெரணிகளும் ஆர்க்கிட்களும் தொற்றியிருக்கும். தரையில் கால் வைத்தால் மெத்தைபோல அமுங்கும். பல ஆண்டுகளாக உதிர்ந்து மக்கிய இலைகள் அவை. மழை பெய்யும்போது அந்த இலைமக்கும் பாசியும் நீரைக் குடித்து வைத்துக்கொண்டு, மழை நின்ற பிறகும் மாதக்கணக்கில் சொட்டுச் சொட்டாக ஓடைக்கு விடுகின்றன. சுற்றியுள்ள பல ஊர்களுக்குக் குடிநீர் இந்தக் காட்டிலிருந்துதான் போகிறது. விறகுக்கு வெட்டப்பட்டும் மாடு மேய்க்கப்பட்டும் நலிந்துகிடந்த இந்தச் சோலை மீண்டு எழுந்ததில், வனத்துறையோடு உள்ளூர் மக்கள் அமைத்த கண்காணிப்புக் குழுவின் பங்கு பெரிது. 2024 ஜனவரியில் இது ராம்சர் பட்டியலில் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாகச் சேர்க்கப்பட்டது. ஒரு காட்டை ஏன் ஈரநிலம் என்கிறார்கள் என்று கேட்பவர்கள், உள்ளே போய்த் தரையில் உள்ளங்கையை அழுத்திப் பார்த்தால் போதும்.

பறவை பார்ப்பவர்கள் இங்கே நீலகிரி சிரிப்பானையும் நீலகிரிக் காட்டுப்புறாவையும் தேடி வருகிறார்கள். இரண்டும் தென்னிந்திய மலைகளுக்கே உரியவை. சிரிப்பானைக் கண்ணால் காண்பதற்கு முன்பே அதன் குரல் காதில் விழும். காலை ஏழு மணிக்கு முன்னால் போவது நல்லது. உள்ளே போக வனத்துறையின் அனுமதி தேவை. பேச்சைக் குறைத்து, பாதையை விட்டு விலகாமல் நடக்க வேண்டும். ஈரமான மாதங்களில் அட்டை ஏறும் என்பதால் கால்சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள்.

கோடநாடு காட்சிமுனையும் கேத்தரின் அருவியும் பார்க்கத்தக்கவையா?

கோடநாடு கட்டாயம் பார்க்கவேண்டியது. கோத்தகிரியிலிருந்து ஏறக்குறைய 18 கிலோமீட்டர். மலை அங்கே திடீரென்று முடிந்து, கீழே மாயாற்றுப் பள்ளத்தாக்கு விரிகிறது. காட்டுக்கு நடுவே சதுரம் சதுரமாக வயல் தெரிந்தால் அதுதான் தெங்குமரஹாடா. நீலகிரி மாவட்டத்தைச் சேர்ந்த ஊராக இருந்தும், அங்கே போகவேண்டுமானால் மலையிறங்கி ஈரோடு மாவட்டத்தின் பவானிசாகர் வழியாகக் காட்டைக் கடந்து மாயாற்றையும் தாண்டவேண்டும். அந்த மக்கள் ஒவ்வொரு மழைக்காலத்திலும் படும் பாட்டை நினைத்துக்கொண்டு பார்த்தால் காட்சி வேறாகத் தெரியும். பத்து மணிக்குள் போய்விடுங்கள். அதற்குமேல் மூடுபனி ஏறினால் வெண்மையைத் தவிர ஒன்றும் தெரியாது.

கேத்தரின் அருவி அரவேணு வழியாகப் போகும் இடம். ஏறக்குறைய 250 அடி உயரத்திலிருந்து விழுகிறது. கோத்தகிரியில் காப்பித் தோட்டம் போட்ட எம்.டி. காக்பர்ன் என்பவரின் மனைவி பெயரால் அழைக்கப்படுகிறது. நீர் நிறைந்த காலத்தில் பாறையில் இறங்குவது ஆபத்து. அருவியை முழு உயரத்துக்கும் பார்க்கவேண்டுமானால் குன்னூர்ப் பக்கத்து டால்பின் மூக்குக் காட்சிமுனைதான் சரியான இடம். அதே காக்பர்ன் குடும்பத்தின் மகள் மார்கரெட் காக்பர்ன் கோத்தகிரியில் வாழ்ந்து வரைந்த நீலகிரிப் பறவைகளின் நீர்வண்ண ஓவியங்கள் இப்போது லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளன. என்னைக் கேட்டால், அந்த அருவிக்கு அவருடைய பெயரையே வைத்திருக்கலாம்.

மலையேற்றத்துக்கு நாங்களே போகலாமா?

கூடாது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்ட மலையேற்றக்காரர்கள் இறந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அதன் பிறகு தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கு விதிகள் வகுக்கப்பட்டன. 2024-இல் வனத்துறை மாநிலம் முழுவதும் 40 பாதைகளைத் தேர்ந்தெடுத்து இணையத்தில் முன்பதிவு செய்யும் திட்டத்தைத் தொடங்கியது. உள்ளூர்ப் பழங்குடி இளைஞர்களே வழிகாட்டிகளாக வருகிறார்கள். கட்டணத்தில் அவர்களுக்கும் ஊதியம் போகிறது.

கோத்தகிரிப் பக்கத்தில் லாங்வுட் சோலை எளிதான பாதை. கீழ்கோத்தகிரிக்கு அப்பால் உள்ள கரிக்கையூரிலிருந்து ரங்கசாமி மலைமுகட்டுக்கும், பொறிவரைப் பாறை ஓவியங்களுக்கும் போகும் பாதைகள் கடினமானவை. கரிக்கையூர் இருளர்களின் ஊர். ரங்கசாமி முகட்டில் உள்ள கோயிலுக்குப் பூசை செய்பவர்களும் இருளர்களே. பொறிவரையில் மனிதர்களும் விலங்குகளுமாக நூற்றுக்கணக்கான உருவங்கள் வெண்ணிறத்திலும் செந்நிறத்திலும் பாறைமீது தீட்டப்பட்டுள்ளன. அவற்றில் சில இடங்களில் வந்துபோனவர்கள் தங்கள் பெயரைக் கிறுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள் என்பதை நினைத்தாலே வயிறு எரிகிறது. ஓவியத்தைத் தொடாதீர்கள்; தெளிவாகத் தெரியவேண்டும் என்று தண்ணீர் தெளிக்கவும் செய்யாதீர்கள்.

பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை காட்டுத்தீ அபாயத்தால் பாதைகள் மூடப்படுவது வழக்கம்.

காட்டு விலங்குகள் ஊருக்குள் வருமா?

வரும். காட்டுமாடு பகலிலேயே தேயிலைக்குள் மேய்ந்துகொண்டிருக்கும். சாதுவாகத் தெரிந்தாலும் ஒரு கடாவின் எடை ஆயிரம் கிலோவை நெருங்கும், மிரண்டால் பாயும். கரடி அதைவிட ஆபத்து. எண்ணெய், வெல்லம் முதலியவற்றின் வாசனைக்குக் கரடிகள் இரவில் வந்து கடைக் கதவையும் கோயில் கதவையும் உடைப்பது இங்கே அடிக்கடி நடக்கும் செய்தி. கொழுந்து பறிக்கும் பெண்கள் காலையில் சரிவில் இறங்குவதற்கு முன் உரக்கக் கூப்பிட்டுவிட்டு இறங்குவதைக் கவனியுங்கள். புதருக்குள் படுத்திருக்கும் விலங்கு விலகிப்போகவே அந்தக் குரல். மாலை ஆறு மணிக்குமேல் தோட்டத்துக் குறுக்குப்பாதையில் நடக்காதீர்கள். தங்கும் அறையின் வெளியே சாப்பாட்டு மீதியைப் போடாதீர்கள்.

சல்லிவன் பங்களா என்கிறார்களே, அது எது?

ஊரிலிருந்து ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டரில், கன்னேரிமுக்கில் இருக்கிறது. கோயம்புத்தூர் ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் 1819-இல் மலையேறி வந்து இங்கே கட்டிக்கொண்ட வீடு அது; பெத்தக்கல் பங்களா என்று பெயர். இடிந்துகிடந்ததைச் செப்பனிட்டு, இப்போது நீலகிரி வரலாற்றுக்கான ஆவணக் காப்பகமாகவும் காட்சியகமாகவும் வைத்திருக்கிறார்கள். பழைய படங்களையும் வரைபடங்களையும் பார்க்க ஒரு மணி நேரம் போதும். சல்லிவன் நீலகிரியைக் கண்டுபிடித்தார் என்று பல சுற்றுலாக் கையேடுகளில் எழுதியிருப்பார்கள். அவர் வந்தபோது இங்கே ஊர்களும் வயல்களும் எருமை மந்தைகளும் கோயில்களும் இருந்தன. அவர் குடியேறிய முதல் ஆங்கிலேயர்களில் ஒருவர் என்று சொல்வதே நேர்மை.

பழங்குடியினரின் ஊர்களுக்குப் போய்ப் பார்க்கலாமா?

அதிகம் யோசித்துப் பதில் சொல்லவேண்டிய கேள்வி இதுதான். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என ஆறு பழங்குடியினர் நீலகிரியில் வாழ்கிறார்கள். அவர்களுடைய ஊர் அவர்களுடைய வீடு. அறிமுகம் இல்லாத ஒரு குடும்பம் வண்டியில் வந்து உங்கள் தெருவில் இறங்கி, வாசலில் உட்கார்ந்திருக்கும் உங்கள் பாட்டியைப் படம்பிடித்துவிட்டுப் போனால் உங்களுக்கு எப்படி இருக்கும் என்பதை வைத்தே முடிவெடுக்கலாம். அழைப்பும் அறிமுகமும் இல்லாமல் போகாதீர்கள். கோத்தர்களின் கோயில் எல்லைக்குள் வெளியார் நுழைவதற்குக் கட்டுப்பாடுகள் உண்டு. ஊருக்குள்ளேயே, நேரு பூங்காவில் கோத்தர் கோயில் ஒன்று இருக்கிறது. அதையும் வெளியில் நின்று வணங்கிவிட்டுப் போவதே முறை.

தெரிந்துகொள்ள வேறு நல்ல வழிகள் உண்டு. கோத்தகிரியை இருப்பிடமாகக் கொண்ட கீஸ்டோன் அறக்கட்டளை 1990-களிலிருந்து பழங்குடியினருடன் சேர்ந்து வேலை செய்துவருகிறது. அதன் வழியாக உருவான 'லாஸ்ட் ஃபாரஸ்ட்' கடையில் குறும்பரும் இருளரும் எடுத்த மலைத்தேன், தேன்மெழுகுப் பொருட்கள், மிளகு, சிறுதானியம் முதலியன கிடைக்கும். குறும்பர்கள் செங்குத்தான பாறையில் காட்டுக்கொடியால் பின்னிய ஏணியில் தொங்கியபடி தேன் எடுப்பார்கள். மேலே நின்று கொடியைப் பிடிப்பவர் பெரும்பாலும் மனைவியின் உடன்பிறந்தவனாக இருப்பார் என்று இங்கே சொல்லக் கேட்டிருக்கிறேன். தங்கையின் வாழ்வு அந்தக் கொடியில் இருப்பதால் கை தளராது என்பது அதற்குச் சொல்லும் காரணம். அந்தத் தேன் கடைத்தேனைப்போலப் பாகாக இராது. சற்று நீர்த்தும், இடத்துக்கும் பூவுக்கும் ஏற்ப லேசான கசப்போடும் இருக்கும். விலை கூடுதல் என்று பேரம் பேசாதீர்கள்.

வெள்ளரிக்கொம்பைக் குறும்பர்கள் வேங்கை மரப் பிசினிலிருந்தும் இலைச்சாறுகளிலிருந்தும் வண்ணம் எடுத்துத் தீட்டும் ஓவியங்களும் வாங்கக் கிடைக்கின்றன. தேனெடுப்பு, விதைப்பு, திருவிழா ஆகியவையே அவற்றின் பொருள்.

ஹெத்தை திருவிழாவைப் பார்க்க முடியுமா?

படுகர்களின் குலதெய்வம் ஹெத்தையம்மன். டிசம்பர் கடைசியிலோ ஜனவரி தொடக்கத்திலோ வரும் இந்தத் திருவிழா கோத்தகிரிக்கு அருகிலுள்ள பேரகணியில் மிகப் பெரிதாக நடக்கும். விரதம் இருந்தவர்கள் வெள்ளை உடுத்தி, கையில் கோலும் வண்ணக் குடையுமாக ஊர் ஊராக நடந்து வருவார்கள். பெண்களும் வெள்ளைத் துண்டும் முண்டும் உடுத்தியிருப்பார்கள். மூடுபனியும் வெள்ளை உடையும் கலந்த அந்தக் காலைப்பொழுதை ஒருமுறை பார்த்தவர் மறக்கமாட்டார். விலகி நின்று பாருங்கள், எளிய வெண்ணிற உடையில் வந்தால் இன்னும் நல்லது, படமெடுப்பதற்குமுன் கேளுங்கள். ஆட்டம் தொடங்கினால் உங்களையும் வட்டத்துக்குள் இழுப்பார்கள். அப்போது தயங்காமல் சேர்ந்துகொள்ளலாம்.

தேயிலைத் தோட்டத்துக்குள் போகலாமா? நல்ல தேயிலை எங்கே வாங்குவது?

நீங்கள் பார்க்கிற தேயிலையில் பெரும்பகுதி பெரிய எஸ்டேட்டுகளுடையது என்று நினைத்துவிடாதீர்கள். கோத்தகிரிப் பகுதியில் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருக்கும் சிறு விவசாயிகளே மிகுதி. கேட்டுவிட்டு உள்ளே நடந்தால் யாரும் மறுக்கமாட்டார்கள். செடியை மிதிக்காமல், கொழுந்தைக் கிள்ளாமல் நடக்கவேண்டும்.

பிற்பகலில் சாலையோரம் ஏதாவது ஓர் எடைபோடும் இடத்தில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். பச்சை இலை திணித்த சாக்குகளைத் தலையில் சுமந்து வருவார்கள். தராசுக் கொக்கியில் மாட்டி, ஈரத்துக்கும் முற்றிய இலைக்கும் கழிவு போட்டு, சிறிய புத்தகத்தில் எடையைக் குறிப்பார்கள். அங்கே எல்லோருடைய பேச்சும் ஒரே பேச்சுதான்: இந்த மாதம் கிலோவுக்கு என்ன விலை? ஆண்டுக்கணக்காக அந்த விலை பறிகூலிக்கும் உரத்துக்கும்கூடப் போதவில்லை என்பது இவர்களின் நியாயமான ஆதங்கம். இதனால் தேயிலையைப் பிடுங்கிவிட்டு கேரட், பீன்ஸ், முட்டைக்கோஸ், 'சைனீஸ் காய்கறி' என்று இங்கே அழைக்கப்படும் புரோக்கோலி, லெட்யூஸ் போன்றவற்றுக்கு மாறியவர்களும், நிலத்தையே விடுதிக்காரர்களுக்கு விற்றவர்களும் உண்டு.

பறிப்பவர்களில் பலர் இலங்கையின் மலையகத்திலிருந்து வந்த குடும்பங்களின் வழியினர். 1964-இல் ஏற்பட்ட சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்கவே 1968-இல் அரசு தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. அதுவே பின்னர் டான்டீ என்ற தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாயிற்று. கண்டி, பதுளை, நுவரெலியா என்று ஊர்ப்பெயர் சொல்லும் முதியவர்களை இங்குள்ள லயங்களில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், இன்றும் சந்திக்கலாம்.

தேயிலை வாங்க, சிறு விவசாயிகளின் கூட்டுறவுத் தொழிற்சாலைகளை முதலில் நாடுங்கள். 1965-இல் தொடங்கிய இன்ட்கோசர்வ் அவற்றின் தலைமை இணையம். கட்டபெட்டில் ஒரு கூட்டுறவுத் தொழிற்சாலை இருக்கிறது. பால் சேர்த்துக் குடிப்பவர்களுக்குத் தூள் தேயிலை போதும். பால் இல்லாமல் குடித்துப் பழகியவர்கள் இலைத் தேயிலையாகக் கேட்டு வாங்கவேண்டும். சாக்லேட் வாசனை, ஏலக்காய் வாசனை என்று நிறம் தெரியாத பொட்டலங்களில் சுற்றுலாக் கடைகளில் விற்பதை நான் வாங்குவதில்லை.

என்ன சாப்பிடலாம்?

காலையில் பேருந்து நிலையத்தை ஒட்டிய தேநீர்க் கடையில் வர்க்கி கேளுங்கள். அடுக்கடுக்காக உடையும் அந்த மொறுமொறுப்பைச் சூடான தேநீரில் ஒரு நொடி முக்கி எடுத்து உடனே வாயில் போடவேண்டும். தாமதித்தால் கோப்பைக்குள் விழுந்துவிடும். ஊட்டி வர்க்கிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

படுகர் சமையல் உணவகங்களில் அரிது. வீட்டில் தங்க இடம் கொடுப்பவர்கள் படுகர்களாக இருந்தால் முந்தின நாளே சொல்லிவைத்தால் செய்துதருவார்கள். அவரையும் உருளைக்கிழங்கும் சேர்த்து, அவர்களே வறுத்து அரைத்த மசாலாவில் கொதிக்கவைக்கும் அவரை உதக்காவும், ராகிக் களியும் குளிருக்கு மிக ஏற்றவை. எண்ணெயில் பொரித்த இனிப்பான எண்ணெ ஹிட்டு விருந்தினருக்கென்று செய்வது.

பிளாஸ்டிக் தடை எவ்வளவு கடுமையானது?

கடுமையானதுதான். நீலகிரியில் தமிழ்நாட்டின் மற்ற மாவட்டங்களுக்கு முன்பே தடை வந்துவிட்டது. ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில்களையும் சோதனைச்சாவடியில் வாங்கிவைத்துக்கொள்வார்கள், அபராதமும் உண்டு. வீட்டிலிருந்தே ஒரு எவர்சில்வர் பாட்டில் கொண்டுவாருங்கள். நிரப்பிக்கொள்ளத் தண்ணீர் ஏ.டி.எம்.கள் இருக்கின்றன.

முதியவர்களையும் குழந்தைகளையும் அழைத்து வரலாமா?

தாராளமாக. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு மேடுபள்ளம் சிரமம். அவர்களுக்கு நேரு பூங்காவும் கோடநாடும் போதும். மே மாதத்தில் வந்தால் நேரு பூங்காவில் காய்கறிக் கண்காட்சி நடக்கும், குழந்தைகளுக்குப் பிடிக்கும். வாந்தி வரும் குழந்தைகளுக்கு ஏறுவதற்குமுன் பால் கொடுக்காதீர்கள். எலுமிச்சம்பழம் ஒன்று கையில் இருக்கட்டும்.

எங்கே தங்குவது?

ஊருக்குள் சிறிய விடுதிகளும், சுற்றுப்புற ஊர்களில் வீட்டோடு சேர்ந்த தங்குமிடங்களும் உண்டு. அனுமதி பெற்ற இடம்தானா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். சில ஆண்டுகளுக்கு முன், படத்தைப் பார்த்து முன்பணம் அனுப்பிய என் உறவினர் குடும்பம் வந்து பார்த்தபோது, அந்தக் கட்டடம் ஓடைக்கு மேலே மண்ணை வெட்டிய சரிவின் விளிம்பில் நின்றுகொண்டிருந்தது. அன்று இரவு மழையில் அவர்கள் ஒரு கண்ணும் மூடவில்லை. காட்டின் ஓரத்தில் நெருப்பு மூட்டி, ஒலிபெருக்கி வைத்துப் பாட்டுப் போட்டுத்தருகிறோம் என்று விளம்பரம் செய்யும் இடங்களைத் தவிர்த்துவிடுங்கள். மலையில் ஓசை எதிர்ப் பள்ளத்தாக்குவரை கேட்கும். விடியற்காலை இலை பறிக்க எழவேண்டியவர்கள் அங்கே தூங்கிக்கொண்டிருப்பார்கள்.

உள்ளூருக்குள் சுற்றிவர வண்டி தேவையா?

வண்டி இல்லாமலே பார்க்கலாம். கோடநாடு, கீழ்கோத்தகிரி, கட்டபெட்டு, குன்னூர் எனப் பல பக்கங்களுக்கும் பேருந்துகளும் சிற்றுந்துகளும் உண்டு. ஆனால் எண்ணிக்கை குறைவு. ஒன்றை விட்டால் அடுத்தது ஒரு மணி நேரமோ அதற்குமேலோ ஆகும். ஏறும்போதே, திரும்பிவரும் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று நடத்துநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் இன்னும் திரும்பவில்லை என்பது அவருக்கு நினைவிருந்தால், கிளம்பும் நேரத்தில் சாலை வளைவை இன்னொருமுறை பார்த்துவிட்டுத்தான் விசில் கொடுப்பார்.